செட்டல் என்ற சொல்

ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உடையப்பனின் தோசை ஆறிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி விக்னேஸ்வரன்.

"கேஸ் போட்டா கோர்ட்டே சமரசம் பேசிட்டு வாங்கன்னு அனுப்புது. அப்புறம் எதுக்கு மச்சான் கோர்ட்டு? நம்ம ஆளுங்க இருக்கானுங்க. ஒரு வார்த்தை அனுப்புங்க, செட்டல் பண்ணிரலாம்லா. உங்க தம்பி அந்த வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு."

உடையப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று எழுந்தார்.

அவருடைய தாய் முத்தம்மா, கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய வீடு அது. அவள் இறந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் அதற்காக வழக்காடினார்கள். ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை.

ஈப்போ நீதிமன்றத்தில் அண்ணனையும் தம்பியையும் சமரசம் பேச உட்கார வைத்த அறையில் கூண்டும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு வட்ட மேசை. இருவருக்கும் நடுவில், சமரசம் பேசவைக்கும் நவமணி என்ற அம்மையார்.

"ஞாயம் யாரு பக்கம்னு சொல்லுங்கம்மா, கட்டுப்படறேன்" என்றார் உடையப்பன், முதுகு வளையாமல்.

"தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லை ஐயா. நீங்க ரெண்டு பேரும் முகத்தைப் பாத்துப் பேசணும்."

"அப்ப நீங்க எதுக்கு?"

"ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் எந்திரிச்சுப் போயிராம பாத்துக்கத்தான்."

தம்பி பழனியப்பன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பேசினார்.

"வீட்ட நீங்களே வெச்சுக்குங்கண்ணே. அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன். அம்மாவுக்குக் கொள்ளி வெக்க வேண்டியவன் நானு. சிங்கப்பூர்லருந்து வந்துக்கிட்டே இருக்கேன், தாப்பா தாண்டிட்டேன்னு போன்ல கத்துனேன். நான் வர்ற வரைக்கும் நீங்க நிக்கல."

அன்று சுடுகாட்டில் கூடியிருந்தவர்கள், "இளையவன் எங்க, குடிச்சிட்டுக் கிடக்கிறானா?" என்று சிரித்தார்கள். குடும்பப் பெயர் சந்தி சிரிக்கக் கூடாதென்று உடையப்பனே கொள்ளியை வாங்கினார். அதை இன்றுவரை தம்பியிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னார்.

"வர்ற திதி உன் கையால நடக்கட்டும். வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கட்டும்" என்றும் சொன்னார். பழனியப்பன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி மோட்டார் சைக்கிளில் கோப்பெங்குக்குக் கிளம்பினார். நெஞ்சு நிமிர்ந்த உடையப்பன், அடியாள் இல்லாமலே காரியம் முடிந்ததை மச்சினனுக்கும் தெரிவிக்க எண்ணி, கைப்பேசியில் சுருக்கமாகத் தட்டினார்: "தம்பி விஷயம் செட்டல்."

"சரி மச்சான், பாத்துக்கறேன்" என்று உடனே பதில் வந்தது. அவர் அதைப் படிக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பழனியப்பனை யாரோ காரில் துரத்திச் சாலையோரத்தில் போட்டு அடித்திருந்தார்கள். தலை முழுக்கக் கட்டு. இன்னும் கண் திறக்கவில்லை. பிழைப்பாரா என்று மருத்துவர் சொல்லவில்லை.

வெளியே விக்னேஸ்வரன் நின்றான். "நீங்கதான மச்சான் செட்டல்னு அனுப்புனீங்க?"

"பேசி முடிச்சாச்சுன்னு அனுப்புனேன்டா."

அவன் முகம் வெளிறியது. "எனக்கு எப்படித் தெரியும்? இப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. போலீசுக்குப் போனா அக்கா தாங்க மாட்டா. நம்ம குடும்ப மானம் போயிரும்."

குடும்ப மானத்துக்காகவே வாழ்ந்த மனிதர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மருத்துவமனை போலீஸ் சாவடியிலிருந்த காவலரிடம் நடந்தார். "என் தம்பியை அடிக்கச் சொன்னது இவன். இவனை வேண்டாம்னு தடுக்காதவன் நானு. ரெண்டு பேரையும் எழுதிக்குங்க" என்றார்.

"மச்சான், பைத்தியமா?" என்று விக்னேஸ்வரன் கையைப் பிடித்து இழுத்தான்.

"எதிர்ல உக்காந்து பேசுன சண்டை இன்னிக்கு மத்தியானமே முடிஞ்சிருச்சு. அடுத்தவன் கையில குடுத்த சண்டையை இப்ப என்னாலகூடத் திரும்ப வாங்க முடியல. மானம் வேணும்னா ஒருத்தன் தன் சண்டையைத் தானே பேசித் தீக்கணும்டா" என்றார் உடையப்பன்.