பெரியப்பா செத்த மத்தியானம்

ஏரல் பஜாரில் முத்துக்கனியம்மாளின் பலசரக்குக் கடைக்கு ஒரே சட்டம்தான்: சாவு விழுந்தாலொழிய ஷட்டர் இறங்கக் கூடாது. பொங்கலன்றுகூடப் பாதி ஷட்டர் திறந்திருக்கும்.

மருமகள் வேல்விழி வந்த புதிதிலேயே அவள் இடுப்பில் சாவியைச் செருகிவிட்டு மாமியார் சொன்னாள்: "பொய் சொல்லிக் கடையைச் சாத்துனது தெரிஞ்சுது, சாவி என் மவ கைக்குப் போயிரும், ஆமா!"

வேல்விழிக்கு அந்தக் கடை உயிர். ஆனால் ஆசை யாரை விட்டது? மழை முடிந்து தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடியது. புருஷன் சிவப்பிரகாஷின் சிநேகிதன், நாசரேத்து வாத்தியார் பிரைட்டன், பிளாஸ்டிக் படகு ஒன்று வாங்கி ஆத்தூரில் போட்டுவைத்து, மாமியார் போனுக்கும் சேர்த்துத் தினமும் போட்டோ அனுப்பி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மாமியார் எட்டயபுரத்துக்கு மகளைப் பார்க்கப் போனாளோ இல்லையோ, சாயர்புரத்தில் குத்துக்கல்லாட்டம் இருந்த தன் பெரியப்பா சிவசுப்பிரமணியனை வேல்விழி சாகடித்துவிட்டாள்.

"பெரியப்பா தவறிட்டாவ. துட்டி கேட்டுட்டு வந்துருதோம்" என்று பக்கத்துப் பூக்கடையில் மூக்கை உறிஞ்சினாள்.

"பாவம்ளா" என்று சிவப்பிரகாஷ் முணுமுணுத்தான்.

"பெரியப்பா நூறு வயசு இருப்பாவ. நீங்க வாயைப் பொத்திட்டு வாங்க."

ஆத்தூரில் ஆறு வாழைத்தோட்டத்துக்குள் ஏறி நின்றது. வரப்புக்கு மேலே, வாழைகளுக்கு நடுவே, பிரைட்டனிடம் இரவல் வாங்கிய படகு போனது. சிவப்பிரகாஷ் அரிசி அள்ளுவதுபோலத் துடுப்பால் அள்ளி அள்ளிப் படகுக்குள்ளேயே ஊற்றினான்.

"தண்ணியை எடை போட்டு விக்கவா போறிய? பின்னால தள்ளுங்க!"

அதற்குள் ஒரு வாழை இலை அவன் முகத்தில் அறைந்தது. பதறிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்தான். படகு கவிழ்ந்தது. ஐயோ என்று அலறிய பிறகுதான் தண்ணீர் நெஞ்சளவே என்று தெரிந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை என்று நினைத்தபோது வேல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈரத்தோட எப்படிளா வீட்டுக்குப் போவ?"

"துட்டிக்குப் போனவுக குளிக்காமலா வருவாவ?"

கெட்டிக்காரிதான். ஆனால் பொழுது சாய்ந்து கடைக்கு வந்தால், படியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ரோஜா மாலை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், செத்துப்போன பெரியப்பா.

"கருப்பட்டி வாங்க வந்தேன். யாரு செத்ததுன்னு பூக்காரிட்ட கேட்டா, நாந்தானாம்" என்றார் அவர்.

பூக்காரி போன் போட்டுச் சொல்ல, முத்துக்கனியம்மாளும் அழுதுகொண்டே மாலையோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"சாவியக் கொடு."

வேல்விழி இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தாள். மாமியார் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருமகளின் ஈரப்புடவையையும் தலையில் ஒட்டியிருந்த வாழைச்சருகையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"படகு நம்மள தாங்குமா?"

"தாங்கும், அத்தை."

"அண்ணாச்சி, நீங்களும் வாரியளா?"

"செத்தவனுக்கு வேற என்ன சோலி?"

சிவப்பிரகாஷ் விழித்தான். "அம்மா, நாளைக்குக் கடை?"

"சொந்தப் பெரியப்பா செத்துருக்காவ. ஒரே நாள்ல தொறந்தா ஊரு காறித் துப்பாதாலே?" என்று சாவியை வேல்விழியின் இடுப்பிலேயே செருகினாள். "நாளைக்கும் சாத்துளா."