குப்பம்மாவுக்கு வந்த வெள்ளைக்காரப் பெயர்

வெள்ளையம்மா தன் மூன்றாவது பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்திக் கையை எடுக்கவில்லை, அதற்குள் தோட்டத்துத் துரையின் பெண்சாதி, துரைசாணி, பார்த்துத் தொலைத்தாள். பார்த்தவள் தன் வழியே போயிருக்கக் கூடாதா? அலறிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ரெங்கம் டவுனைத் தாண்டி உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இது ஒன்றும் புதுசில்லை. முதல் இரண்டு பிள்ளையும் காய்ச்சலில் போய்விட்டால், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மா என்று கூப்பிடுவார்கள். யாருக்கும் வேண்டாத பண்டம் என்று நினைத்து எமன் தாண்டிப் போய்விடுவான். இதை வெள்ளைக்காரிக்கு யார் சொல்வது? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஐயாத்துரை வந்து இங்கிலீஷில் ஏதோ விளக்கிப் பிள்ளையை வாங்கித் தாயிடம் கொடுத்தார். துரைசாணி பிள்ளையின் நெற்றியைத் தடவினாள். பிறகு, பிள்ளைக்குச் செசிலியா என்று பெயர் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளையம்மாவின் புருஷன் வேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. "துரைசாணி வாயால வந்த பேருடி! யாருக்குக் கிடைக்கும்?"

"கிடைச்சதுதான் பயமா இருக்கு. பங்களாக்காரிக்கு லயத்துப் புள்ள மேல என்னா அக்கறை? அழகான பேரா இருந்து எமன் காதுல விழுந்துட்டா?"

அன்று முதல் துரைசாணி தினமும் சாயங்காலம் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் நடக்க வந்தாள். பிள்ளை இல்லாத பங்களா. பசித்தவள் சோற்றைப் பார்ப்பது போலப் பார்க்கிறாளே! கண்ணு வைக்கிறாளா, தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாளா? அவள் தலை தெரிந்ததும் வெள்ளையம்மா பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடி, தூங்குகிறது என்று சாடை காட்டிவிடுவாள்.

பிறப்பைப் பதிவதற்கு டிரஸ்ஸர் கூப்பிட்டனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். வெள்ளைக்காரப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும்.

"இந்தப் பேருக்கு என்னா அர்த்தம், டிரஸ்ஸரய்யா?"

"நல்ல பேர்தான், பிள்ளை." சொல்லிவிட்டு அவர் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா போத்தலைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. வெள்ளையம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நல்ல பேருன்னா உங்க மகளுக்கே வச்சிருக்கலாமே?"

"வைக்கத்தான் இருந்தனான். பாதிரியாரிட்ட அர்த்தம் கேட்டிட்டு விட்டிட்டன்."

"உங்க புள்ளைக்கு வேணாம்னு தள்ளினது எம்புள்ளைக்கு நல்ல பேரா? மறைக்காம சொல்லுங்க!"

டிரஸ்ஸர் போத்தலை வைத்தார். "கண் தெரியாதவள் எண்டு அர்த்தம். குருடி. பழைய லத்தீன் பேர். கோபிக்காத பிள்ளை, வேற பேர் எழுதுவம்."

வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"குருடியா? நெசமாவா? குப்பையைக்கூட ஒருத்தன் கிளறிப் பார்ப்பான். குருடியை எமன் எதுக்குக் கொண்டு போறான்? அதையே எழுதுங்க!"

சிரிப்பு சட்டென்று நின்றது. "டிரஸ்ஸரய்யா, புள்ளைய ஏன் குப்பையில போட்டேன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னனான்."

"அதைக் கேட்டுட்டுத்தான் இந்தப் பேரைச் சொன்னாங்களா?"

"ஓம்."

வெள்ளையம்மா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். "அந்தம்மாவுக்கு எத்தனை புள்ள போச்சு?"

லயத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி. டிரஸ்ஸர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு. கடைசியா போனதை முந்தின தோட்டத்தில நான்தான் பார்த்தனான். காய்ச்சல்தான்."

"பேரோட அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னாங்களா?"

"அதை நான் கேக்கேல்லை, பிள்ளை."

வெள்ளையம்மாவுக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் அந்த மனுஷியைத் திருடி மாதிரி பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமும் துரைசாணி வந்தாள். வழக்கம்போலத் தள்ளியே நின்றாள். வெள்ளையம்மா முகத்துணியை விலக்கி, பிள்ளையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தாள்.

"செசிலியா," என்றாள் துரைசாணி, மெதுவாக.

"ஆமாம்மா, குருடி," என்றாள் வெள்ளையம்மா.

தமிழ் புரிந்தோ புரியாமலோ துரைசாணி தலையாட்டினாள். பிள்ளை இரண்டு கண்ணையும் அகல விரித்து அவளைப் பார்த்தது. துரைசாணி அவசரமாகத் துணியை இழுத்து அதன் முகத்தை மூடினாள்.