போட்டிக் கடைகள்: பூஜ்ஜியம்

என் அண்ணன் நூலகத்துக்கு வந்தால் வெயிலுக்கு ஒதுங்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த வாரம் மட்டும் தினமும் வந்தான். காது மெஷின் கடை திறக்கப் போகிறாராம் பெரிய துரை. அதற்கு முன் சந்தை ஆராய்ச்சியாம்.

அங்கே நூலகர் நான்தான். வியாபாரத் தகவல்களுக்கு நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்களில் எப்படித் தேடுவது என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் தங்கையிடம் கேட்டால் கிரீடம் இறங்கிவிடாதா?

"நான் தேடித் தரட்டுமாண்ணா?"

"நீ போய் புஸ்தகத்த அடுக்கு. இதெல்லாம் பிசினஸ்."

சரி மகராசா என்று விட்டுவிட்டேன். உலகச் சந்தை அறிக்கை ஒன்றை எடுத்து, உலகத்தில் காது மந்தமான அத்தனை பேரும் தன் கடை வாசலில் வரிசை கட்டுவதாகக் கணக்குப் போட்டான். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று கைதட்டினான். அந்த நூலகத்தில் முதன்முதலில் கைதட்டிய பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும்.

"ஊர்ல ஒரு போட்டிக் கடைகூட இல்ல! ஜீரோ!"

நான் எட்டிப் பார்ப்பதற்குள் திரையைப் படம் எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

திங்கட்கிழமை அண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். அண்ணி ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்பவர். கடையில் வேலை முழுவதும் அவருக்கு, முதலாளி நாற்காலி அண்ணனுக்கு.

அவன் தேடியதைத் திறந்து பார்த்தேன். தொழில் பிரிவில் 'மருத்துவமனைகள்' என்பதை மட்டும் டிக் செய்திருந்தான். காது மெஷின் கடைகள் மூக்குக் கண்ணாடிக் கடைகளோடு சில்லறை விற்பனைப் பிரிவில் இருக்கின்றன. டிக்கை மாற்றினேன். பட்டியல் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது.

"அப்பாவுக்கு எங்கண்ணா மெஷின் வாங்கின?"

தலையைச் சொறிந்தான். "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடையில..."

"இதோ, முதல் பேரே அதுதான்."

"ஆனா கம்ப்யூட்டர் ஜீரோன்னுச்சே!"

சொந்தக் காலால் நடந்து போய் மெஷின் வாங்கிய கடையைக் கம்ப்யூட்டர் இல்லை என்றதும் மறந்துவிட்ட மேதை!

"நல்லவேளை அண்ணி, நீங்க இன்னும் வேலைய விடல."

"காலையிலதான் விட்டுட்டு வரேன்," என்றார் அண்ணி. "என் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் பாத்து வெச்சிருந்தாங்க போல. உடனே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அண்ணன் அண்ணியிடம், "ஜூஸ் எதாவது குடிக்கிறியா?" என்று கேட்டான். பாவி!

அண்ணி என் பக்கம் திரும்பினார். "இந்த லிஸ்ட்ட போன் நம்பரோட பிரிண்ட் எடும்மா."

"போட்டிக் கடைங்க லிஸ்ட் இனிமே எதுக்கு?" என்றான் அண்ணன்.

அண்ணி தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் முதல் எண்ணுக்கு அடித்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"வணக்கங்க. உங்க கடைக்குக் காது டெஸ்ட் பண்ண ஆள் வேணுமா? ஆமா, ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். ஏன் விட்டேனா?"

கண்ணாடிக் கதவு வழியாக அண்ணனை ஒரு முறை பார்த்தார்.

"ஊர்ல உங்க கடையே இல்லன்னு ஒருத்தர் சொன்னாருங்க. நம்பிட்டேன்."