பதினேழு கல்யாணம் கண்ட ஒட்டியாணம்

சிவகாமியம்மாளின் ஒட்டியாணத்தைப் பூட்டிக்கொள்ளாமல் மணையில் உட்கார்ந்த பெண் கரமனை அக்ரஹாரத்தில் அபூர்வம். பன்னிரண்டு வருஷத்தில் பதினேழு கல்யாணம் கண்டுவிட்டது அது. கேட்டு வருகிறவர்கள் கொல்லைப்புறமாக வருவார்கள். நலங்கு முடிந்த மறுநாள் மஞ்சள் துணியில் சுற்றிக் கொல்லைப்புறமாகவே கொண்டு வந்து வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அது பெண்ணின் சொந்த நகை என்றுதான் பேச்சு. இரவல் என்று சிவகாமியம்மாள் இதுவரை மூச்சு விட்டதில்லை. மற்ற விஷயங்களில் அந்த வாய் அவ்வளவு அடக்கமானது என்று சொல்ல முடியாது.

மார்கழியில் வீட்டோடு சுசீந்திரம் தேருக்குப் போயிருந்தபோது அந்த ஒட்டியாணம் களவு போயிற்று. தையில் அவளுடைய ஒரே பெண் சாவித்ரிக்குக் கல்யாணம். தெருப் பெண்களுக்கெல்லாம் தன் கையால் பூட்டி அழகு பார்த்தவளுக்குச் சொந்தப் பெண்ணுக்குப் பூட்ட ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. சாலைக் கடைத்தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் ஞானையனிடம் அப்படி ஒரு நகை வந்திருக்கிறதாம். சிவகாமியம்மாள் கணவர் சேஷனை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ஞானையன் நியாயஸ்தன். திருட்டுப் பொருள் தனக்கு வேண்டாம் என்று அவனே துணியில் கட்டிக் கொண்டு வந்திருந்தான். ஆனால் அடகு வைத்த ஆளும் தன் பெண்டாட்டி நகை என்றுதான் சொன்னானாம். இன்னாருடையது என்பதற்கு ஒரு தெளிவு வேண்டும் என்றான். நடுவில் கஜலக்ஷ்மி, இடது யானைக்குக் கண்ணில் சிவப்புக் கல் இல்லை என்று சிவகாமியம்மாள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஞானையன் தலையாட்டினான்.

மாற்றலாகி வந்து ஒரு மாசமேயான இன்ஸ்பெக்டர் ராமசுப்ரமணியன் மட்டும் தலையாட்டவில்லை. நகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமி, மனசில ஒண்ணும் வெச்சுக்காதேங்கோ. இது எங்காத்து ஒட்டியாணமாக்கும். கல்யாணத்தன்னிக்கு என் ஆம்படையாள் விஜயம் பூட்டிண்டது. கூடத்தில போட்டோ மாட்டியிருக்கு."

சிவகாமியம்மாளுக்குப் பகீரென்றது. இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்ட மூன்றாம் வீட்டு விஜயத்தின் ஆம்படையானா இவர்? ஒன்பது வருஷத்து மீசையில் அடையாளமே தெரியவில்லை. மனிதர் மேலும் சொன்னார். ஒட்டியாணம் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் அப்பாவின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்பாளாம் விஜயம். மாமனார் விற்றுத் தின்றுவிட்டார் என்று நினைத்து இவர் மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லையாம். அங்கிருந்துதான் களவு போயிருக்கிறது, பாவம் மனுஷர், என்று இப்போது உருகினார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிவகாமியம்மாளின் கண்முன் சாவித்ரி வெறும் இடுப்போடு மணையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு புக்ககத்தில் விஜயத்தின் கதி? பாழும் நாக்கு, வேண்டாத இடத்திலெல்லாம் புரளும், இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நேக்குத்தான் பிசகிப் போச்சு போலிருக்கு" என்றாள்.

சேஷன் வாயைத் திறந்தார். அவள் அவர் காலை மிதித்தாள். அவர் மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சட்டம் பிசகாதவர். தன் வீட்டுப் பொருளானாலும் உரியவள் வந்து அடையாளம் காட்டட்டும் என்று ஜட்காவை அனுப்பினார். கையெழுத்து வேண்டும் என்று இவர்களையும் உட்கார்த்தி வைத்தார்.

விஜயம் போட்டோவை அணைத்துக்கொண்டு வந்தாள். ஒட்டியாணத்தைப் பார்த்தாள், பூரித்துப் போயிருந்த கணவரைப் பார்த்தாள், மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த மாமியைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் ஒன்பது வருஷப் பொய் அன்றோடு மெய்யாகிவிடும்.

"இது சிவகாமி மாமியோடது. ஒரு நாளைக்கு நேக்கு இரவல் தந்தா. அப்பாவுக்கு வாங்கிப் போட வகையில்லை. உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

இதைவிடத் தெளிவு வேறென்ன வேண்டும் என்று ஞானையன் எழுந்துவிட்டான். இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. அப்படியானால் உங்கப்பா விற்கவில்லையா என்று கேட்டார்.

"இல்லாததை எப்படி விப்பார்?" என்றாள் விஜயம்.

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிவகாமியம்மாள் விஜயத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை சந்தோஷத்தில் அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டு, ஒட்டியாணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜட்காவில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாமி, மாசியில என் தங்கைக்குக் கல்யாணம். சாவித்ரி கல்யாணம் ஆனப்பறம் ரெண்டு நாளைக்குத் தரேளா? சம்பந்தியாத்துக்கு மட்டும் தெரியப்படாது, கேட்டேளா."