தண்ணீர்த்தொட்டி வளைவு

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அவனுடைய காரில் கியரை அவன்தான் மாற்றிக்கொண்டிருந்தான். பேயுமில்லை, பிசாசுமில்லை என்பான் தம்பி. ஆட்டோமேட்டிக் வண்டி, ஓட்டுகிறவனின் கால் பழக்கத்தை அதன் கம்ப்யூட்டர் கற்று வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் தம்பி ஓட்டும்போதும் தண்ணீர்த்தொட்டி வளைவில் வண்டி தானாகவே இரண்டாவது கியருக்கு இறங்கி, அண்ணன் ஓட்டியதுபோலவே உறுமும். பக்கத்து சீட்டில் அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். ஞாயிறுதோறும் அதற்காகவே ஏறி உட்காருவாள்.

தம்பிக்குக் கை சும்மா இருக்குமா? அண்ணன் ஆசையாக வாங்கி வைத்திருந்த, எஞ்சினுக்கு வேகம் கூட்டும் பெரிய டர்போவை எடுத்து மாட்டித் தொலைத்தான். அதற்கு ஏற்றபடி, கம்ப்யூட்டர் கற்று வைத்திருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டான். இந்த வேலை தெரிந்தவர்கள் யோசிக்காமல் செய்வதுதான்.

"அண்ணனோட ஆசை அண்ணி, சத்தத்தைக் கேட்டுப் பாருங்க" என்று பெருமையாக அவளை ஏற்றிக்கொண்டு போனான்.

வளைவு வந்தது. அண்ணி கண்ணை மூடினாள். வண்டி உறுமவில்லை, யாருடையதோ போல நழுவித் திரும்பியது. எதைத் துடைத்தோம் என்று அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது.

அண்ணி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"அவர எங்க தம்பி இறக்கி விட்டீங்க?"