நாற்பது விரிப்புகள் கிழிந்த கதை

அண்ணியும் நாத்தனாரும் கூட்டாகச் சலவைக்கூடம் நடத்தினார்கள். அண்ணிக்கு வெளி வேலை, நாத்தனாருக்கு உள் வேலை. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஆரம்பத்தில் ஒரு வாடிக்கையாளர், "சட்டைக் காலர் அழுக்கு அப்படியே இருக்கே?" என்று கேட்டார். நாத்தனார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்க கழுத்தைத் தேய்ச்சுக் குளிச்சா காலர் ஏன் இப்படி ஆகுது?" என்றாள். அன்றோடு சரி, அண்ணி அவளை இயந்திரங்கள் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அண்ணியோ, சும்மா சொல்லக் கூடாது, பேசினால் சண்டைக்கு வந்தவன்கூட நாற்காலி எடுத்துப் போடுவான். யார் பிள்ளைக்குப் பல் முளைத்தது, எந்த மேலாளருக்கு மூட்டுவலி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதை நடிப்பென்று சொன்னால் நாக்கு அழுகும். அவளுக்கு மனுஷர்களை நிஜமாகவே பிடிக்கும். அவர்களுக்கும் தன்னைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற அரிப்புதான் அவளைக் கெடுத்தது.

அவர்கள் பிழைப்பில் பாதி, எழுபது அறை கொண்ட ஒரு ஓட்டலை நம்பி ஓடியது. அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவள் கண்டிப்பானவள். ஆனால் அண்ணியைக் கண்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். ஐந்து வருஷத்தில் அக்கா, தங்கச்சி என்று உறவே ஆகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை நாத்தனார் பல் வைத்தியரிடம் போயிருந்தாள். ஓட்டல் விரிப்புகளை அண்ணியே இயந்திரத்தில் போட்டு, வெளுக்கும் மருந்தை ஊற்றினாள். அதற்குள் போன் வந்தது. ஊர்க்கதை பேசி முடித்துத் திரும்பியவளுக்கு, ஊற்றினோமா இல்லையா என்று சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை ஊற்றினாள். விரிப்புகள் பளீரென்று வெளுத்து வந்தன. நாலு நாளில் கட்டிலில் விரித்து இழுத்தபோது நாற்பதும் நடுவில் கிழிந்தன.

"என்ன தங்கச்சி இது? துணி அப்பளமா நொறுங்குது!" என்று தலைவி போனில் கேட்டாள்.

ரெண்டு தடவை ஊற்றிய மருந்துதான் என்று அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்? புது விரிப்பு வாங்கித் தந்திருக்கலாம், அக்கா ரெண்டு நாள் முறைத்திருப்பாள், அவ்வளவுதான். அந்த முறைப்பைத் தாங்க முடியாமல்தான் அவள் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுங்க யாராவது அழுக்கு விரிப்பாலயே குளியலறைத் தரையைத் துடைக்கிறாங்களோ என்னமோ. அங்க ஊத்துற ஆசிட் பட்டா துணி இப்படித்தான் நைஞ்சு போகும்."

"அட, எனக்கு இது தோணவே இல்லையே! நல்லவேளை சொன்னே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நாத்தனார் மருந்துக் கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு ரெண்டு தடவை ஊத்திட்டீங்களா அண்ணி? கேன்ல பாதியைக் காணோம்."

"சத்தம் போடாதே. நான் யார் பேரையும் சொல்லலையே."

"பேர் சொல்லலைன்னா பழி காத்துல கரைஞ்சிடுமா? எவளோ ஒருத்தி தலையில இறங்கத்தான் போகுது. இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

அண்ணி கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் மூட்டைகளோடு போனபோது, மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொண்ட குள்ளக்காவைக் காணவில்லை. அண்ணியின் வண்டி நின்றதுமே ஓடிவந்து மூட்டைக்கு ஒரு கை கொடுப்பவள் அவள்தான். வேலையில் சுத்தம், வாயில் மட்டும் வார்த்தை வராது.

"அவளை அனுப்பிட்டேன்" என்றாள் தலைவி. "ஒரு நாள் விரிப்பால தரையைத் துடைச்சதை நானே பார்த்திருக்கேன். 'தண்ணிதான் துடைச்சேன், ஆசிட் படவே இல்லை மேடம்'னு அழுதா. எல்லாரையும் நிக்க வெச்சு, பையை எடுத்துட்டுக் கிளம்புன்னுட்டேன். நீ சொல்லலைன்னா இன்னும் ஏமாந்துட்டு இருப்பேன்."

அண்ணி சிரித்தாள். பாழாய்ப்போன பழக்கம்! எது சொன்னாலும் முதலில் சிரிப்புதான் வரும். குள்ளக்காவை அனுப்பிவிட்டார்கள் என்று நாத்தனாரிடம் வந்து சொல்லும்போதுதான் அந்தச் சிரிப்பு போனது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் பண்ணியவள் தூக்கமில்லாமல் கிடந்தாள், பழி சுமந்தவள் எங்கே போனாளோ தெரியவில்லை. மூன்று வாரம், ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடுவது என்றுதான் போவாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வெயிலைப் பற்றியோ விலைவாசியைப் பற்றியோ பேசிவிட்டு வருவாள்.

நாலாவது வாரம் தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க முதலாளி இன்னொரு ஓட்டல் திறக்கிறார். அங்கயும் உனக்குத்தான் வேலை. 'அவ வாயில பொய் வராது, நான் பொறுப்பு'ன்னு சொல்லிட்டேன்."

அதற்குமேல் முடியவில்லை. துணி அடுக்கும் அந்த அறையில், ஈர வாசனைக்கு நடுவே நின்றபடி, அண்ணி ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். போன் பேசியது, ரெண்டு தடவை ஊற்றியது, பொய் சொன்னது, தெரிந்த பிறகும் வாய் மூடி இருந்தது, எல்லாம்.

தலைவி திட்டவில்லை. அங்கேயே குள்ளக்காவைப் போனில் கூப்பிட்டாள். "என்னை மன்னிச்சிடு, திரும்பி வந்துடு" என்று கெஞ்சினாள். பதில் அண்ணிக்கும் கேட்டது.

"வேண்டாம் மேடம். வேற இடத்துல படிக்கட்டு கூட்டுறேன். சம்பளம் கம்மிதான், பரவாயில்ல. அங்க யாரும் என்னை நிக்க வெச்சுக் கேக்கலை."

தலைவி போனை வைத்தாள்.

"பதினோரு வருஷமாப் பார்த்தவளை நான் நம்பலை. அவளுக்குப் பேச வராது. பேசத் தெரிஞ்சவளை நம்பினேன்."

"அக்கா, அந்த விரிப்பெல்லாம் நான்..."

"விரிப்பை விடுங்க. உங்க நாத்தனார் நல்லாத் துவைக்கிறாங்க, அதனால இந்த வேலை உங்களை விட்டுப் போகாது. புது ஓட்டலைப் பத்தி முதலாளிகிட்ட நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இனிமே இங்க அவங்களே வந்து எண்ணிக் குடுத்துட்டுப் போகட்டும், பேச்சே வேண்டாம். நீங்க வர வேண்டாம்."

ஐந்து வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் 'நீங்க' அது. கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால்கூட அண்ணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சலவைக்கூடத்துக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நாத்தனார் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. இனிமே நான் அந்தப் பக்கமே வரக் கூடாதாம். நீதான் போகணுமாம்."

"எனக்கு அவங்ககிட்ட பேசத் தெரியாதே அண்ணி."

"பேசவே வேண்டாமாம். எண்ணிக் குடுத்துட்டு வந்தா போதுமாம். என் முகத்தைப் பார்க்கவே அவங்களுக்குப் பிடிக்கலைடி!"

நாத்தனார் கூடையை இழுத்துப் போட்டு, நிறுத்திய இயந்திரத்திலிருந்து ஈரத்துணியை எடுக்கத் தொடங்கினாள்.

"குள்ளக்கா திரும்ப வராங்களா?"

அண்ணியின் அழுகை சட்டென்று நின்றது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.