பேஸ் வரிசையில் மூன்று வாய்கள்

நடந்ததைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று கோயிலில் பாட்டின் நடுவே விழுந்த அமைதி முழுதாக ஒரு நிமிடம் நீடித்தது என்று நான் சத்தியம் செய்வேன். பல் டாக்டர் பத்து நொடிதான் என்கிறார். என் அக்கா, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறாள். அமைதியை விரும்புகிறவனை நம்பி அமைதியை அளக்கச் சொல்லக் கூடாது. ஆசையில் கூட்டித்தான் சொல்வான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் வந்தால் எங்கள் கோயிலில் ஆர்கனைப் பூட்டிவிடுவார்கள். நாற்பது நாளும் வெறும் குரலில்தான் பாட வேண்டும். வாத்தியத்தின் துணை இல்லாமல் பாடும்போது யாருக்கும் தெரியாமல் சுருதி கீழே இறங்கிக்கொண்டே போகும். அந்த அமைதிக்கு முந்தைய வருடம், லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையில் எங்கள் பாட்டு முடிந்ததும், ஆர்கன்காரர் எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்து, நாங்கள் முடித்திருக்க வேண்டிய சுரத்தை மட்டும் ஒரு கட்டையில் அழுத்திக் காட்டினார். நாங்கள் எங்கோ பாதாளத்தில் இருந்தோம். சபையே சிரித்துவிட்டது.

பாடகர் குழுவை நடத்துபவர் என் அத்தான். பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்தச் சிரிப்பை ஒரு வருடம் நெஞ்சில் வைத்திருந்தார்.

அடுத்த சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்பு, நான் மெய்ப்புத் திருத்தும் அச்சக அறைக்கு வந்தார். மேசை, விளக்கு, ஒரு நாற்காலி, அதில் நான். அவர் நின்றபடியே ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தான்."

"சுருதி இறங்குதுல்ல? கனமான குரல்தான் மத்தவங்களையும் இழுத்துட்டுப் போகுதோன்னு ஒரு சந்தேகம். புதன்கிழமை நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம். யார்கிட்டயும் சொல்லாதே."

"சரி. சுருதி இறங்காம நின்னுடுச்சுன்னா?"

அத்தான் தாளை இப்போது நேராகப் பிடித்தார். "வாசல்ல பாட்டுப் புத்தகம் குடுக்க ஆள் இல்லைன்னு போதகர் சொல்லிட்டிருந்தார்."

என்னைக் குழுவிலிருந்து வாசலுக்கு அனுப்பப் பார்க்கிறார். ஒரு நாள் முழுவதையும் நான்கு வார்த்தைகளில் ஓட்டிவிடுகிற ஆள் நான். பதினெட்டு வருடமாக, ஆண்களின் அடிக்குரல் பாடும் அந்த பேஸ் வரிசையில்தான், யாரிடமும் பேசாமலே எல்லோரோடும் சேர்ந்து இருந்தேன். வாசலில் நிற்பவன் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்து, சுகம் விசாரிக்க வேண்டும். முந்நூறு பேர்.

ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். மறுத்திருந்தால் நிறையப் பேச வேண்டியிருந்திருக்கும்.

புதன்கிழமை மாலை அங்கிகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் பேஸ் வரிசையில் மொத்தம் மூன்று பேர். எனக்கு வலப்பக்கம் பல் டாக்டர். இடப்பக்கம் லாரி ஓட்டுகிறவர், அவரை எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுவோம். போதகர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டுவந்தார். அவருக்குக் கட்டைவிரல் பெரிது, தாராள மனசு. இடிக்கு வியர்த்துக் கொட்டும். பாட்டு தொடங்குவதற்குள் அவருடைய சிலுவை மூக்கு நுனிவரை வந்துவிட்டது.

அத்தான் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிச் சுருதி கொடுத்தார். மனந்திரும்புதலின் சங்கீதம், நான்கு சரணம். முதல் இரண்டையும் எல்லோரும் பாட வேண்டும். நான் வாயசைத்தேன். புருவத்தைக்கூட ஏற்றி இறக்கினேன். பக்கத்தில் டாக்டர், நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பவர் போல 'ஆ' என்று வாயைத் திறந்திருந்தார். இன்று பேஸ் கொஞ்சம் மெலிந்து கேட்கிறதே என்று தோன்றியது. நான் பாடாததுதான் காரணம் என்று நினைத்து உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன்.

மூன்றாவது சரணம் பேஸ் மட்டும் தனியாகத் தொடங்க வேண்டும். மற்றவர்கள் நிறுத்தினார்கள். அத்தான் எங்கள் பக்கம் திரும்பி, பாரமான பெட்டியைத் தூக்குபவர் போல இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

மூன்று வாய்களும் திறந்தன. ஒன்றும் வரவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "பாடுங்களேன்!" என்று முணுமுணுத்தார்.

"என்னைப் பாட வேணாம்னுட்டார்."

"ஐயோ, என்னையுமில்ல!"

"அடப்பாவிங்களா, என்னையும்தான்!" என்றார் இடி. அவருடைய கிசுகிசுப்பு ஐந்தாவது பெஞ்சுவரை போகும்.

மூவரில் யார் சுருதியை இழுக்கிறார் என்று அத்தானுக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ரகசியம் சொல்லியிருக்கிறார். மூன்றிலிருந்து ஒன்றை மூன்று தடவை கழித்தால் என்ன மிஞ்சும் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

சபை இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பாவத்தை நினைத்துப் பார்க்க விட்ட இடைவெளி என்று நினைத்து முன் பெஞ்சு முழங்காலிட்டது. அதைப் பார்த்து இரண்டாவது, மூன்றாவது. யாரோ விசும்பினார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தானுக்குப் பேயறைந்த முகம். எங்களுக்குத் தைரியம் கொடுக்க ஃபோர்க்கை மறுபடி தட்டி, காதில் வைத்து, அந்தச் சுரத்தை முனகிக் காட்டினார்.

அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. மேல்குரல் பாடும் பெண்கள், சொப்ரானோக்கள், விட்ட இடத்துக்கு அரைச் சுரம் மேலே இருந்தது அது. நாங்கள் மூவரும் ஊமையாக நின்றும் சுருதி இறங்கியிருக்கிறது!

குழு முழுக்க முதல் சொப்ரானோவைப் பார்த்தது. எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவள், அத்தானின் மனைவி, என் அக்கா. யாரைப் பார்க்கிறார்கள் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் வேண்டாம் என்று சொல்லப்பட்டவன். ஆனால் அந்தச் சுரம் அங்கே எடுப்பாரில்லாமல் நின்றது. எடுத்துக்கொண்டேன். முதல் வரி, திறக்க மறுக்கும் இழுப்பறை போல வந்தது. இரண்டாவதில் டாக்டர் சேர்ந்தார். மூன்றாவதில் இடி சேர, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, முழங்காலிட்டிருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். நான்காவது சரணத்தில் எல்லோரும் எங்கள் சுருதியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். அக்காவும்தான்.

முடிந்ததும் ஆர்கன்காரர் பூட்டைத் திறந்து கட்டையை அழுத்தினார். அச்சாகப் பொருந்தியது. கட்டையில்தான் கோளாறோ என்பது போல இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்டு போனார்.

அங்கி மாட்டும் அறையில் அக்கா முதலில் பேசினாள். "பார்த்தீங்கல்ல? பேஸ் வாயை மூடியிருந்தாதான் சுருதி நிக்குது. நான் மட்டும் இல்லைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்."

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் தன் பொத்தான்களைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் இடி. டாக்டர் அங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்.

வெளியே வரும்போது அத்தான் என் தோளில் கை வைத்தார். "மாப்ளே, வாசலுக்கு வேற யாரையாவது பார்த்துக்கலாம்."

"சரி அத்தான்," என்றேன். அன்றைக்கு என் கணக்கில் வார்த்தைகள் ஏற்கெனவே அதிகமாகிவிட்டிருந்தன.

அத்தான் அதற்குப் பிறகு ஆறு லெந்து காலம் குழுவை நடத்தினார், பிறகு மூட்டு வலியால் விட்டுவிட்டார். போதகர் மாற்றலாகிப் போன கோயிலிலும் பாட்டின் நடுவே அமைதி விடச் சொல்கிறாராம். ஆர்கன்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். டாக்டர் ஆண்களின் மேல்குரலான டெனருக்கு மாறினார். இடி லாரியை விற்றுவிட்டு டயர் கடை வைத்திருக்கிறார். அக்கா இன்றும் முதல் சொப்ரானோ, அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பேஸ் வரிசையில்தான் இருக்கிறேன்.